பெட்டிசத்தில் இல்லாத பெயர்

மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக் குளிக்கும் சலாபம் தொடங்கினால் வெறும் மணல் ஆறு வாரத்துக்குப் பட்டணமாகிவிடும். தெருக்களுக்குப் பெயர் வைப்பார்கள், நீதிமன்றம் வைப்பார்கள், வியாபாரிகளின் கொட்டில்களுக்கு முன்னால் விடிய விடிய லாந்தர் எரியும். முத்துக் குளிக்கிறவர்களைச் சுறா தொடாமல் மந்திரம் சொல்ல, கடல்கட்டி என்ற மந்திரக்காரர் ஒருவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. இவ்வளவும் யோசித்த வெள்ளைக்காரத் துரைமாருக்கு, அந்த முப்பதாயிரம் ஆம்பிளைகளில் ஒரு மூலைக் கொட்டில்களில் இருந்தவர்கள் குடிக்கிற தண்ணீரை யார் சுமக்கிறார்கள் என்பது மட்டும் யோசனையில் வரவில்லை.

சுமந்தவர்கள் வங்காலைக் கிராமத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர். கிணறு புதர் மண்டிய பற்றைக்காட்டுக்கு அப்பால், அரை மைல் தூரத்தில் இருந்தது. மற்றப் பதினொரு பேரையும் கூட்டிவந்தவள் லூசியா. கடலில் புருஷனைப் பறிகொடுத்த பிறகு அவள் ஒருவருக்கும் பயந்து வாயை மூடியதில்லை. எல்லோரும் ஒன்றாய்ப் போய் ஒன்றாய் வரவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒருநாள் அவர்களில் ஒருத்தியான பெற்றிசியா மீறினாள். முத்துக் குளித்து நெஞ்சுநோவு கண்ட அவள் புருஷன் யாகப்பர் கொட்டிலில் கிடந்தார். பொழுதுபடும் நேரத்தில் அவர் தண்ணீர் கேட்க, அவள் தனியாகப் போனாள். பற்றைக்குள் மூன்று பேர் காத்திருந்தார்கள். லூசியா தேடிப் போனபோது அவள் உடைந்த குடத்தின் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவருக்குத் தெரியவேண்டாம்," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

விடிந்ததும் லூசியா, துரைமாருக்குப் பெட்டிசம், மனு எல்லாம் எழுதிக்கொடுக்கும் இரத்தினத்திடம் போனாள். கிணற்றுப் பாதையில் ஆம்பிளைகள் மறிக்கிறார்கள். இரண்டு லாந்தரும் ஒரு பொலிஸ்காரனும் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். பெயர் போடாவிட்டால் மொட்டைப் பெட்டிசம் என்று துரையின் கந்தோரில் கிழித்துப்போடுவார்கள் என்றார் இரத்தினம். லூசியா கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கினாள். பயந்தவர்களைக் கெஞ்சினாள், பின்வாங்கியவர்களை அதட்டினாள். அவளுடையதோடு பதினொரு பெருவிரல் அடையாளம் சேர்ந்தது. பெற்றிசியாவை மட்டும் அவள் சேர்க்கவில்லை. அந்தப் பெயர் கந்தோருக்குப் போனால் நாளைக்கே யாகப்பரின் காதுக்கு எட்டிவிடும்.

கந்தோரில் துரையின் மேசைக்கு முன்னால் அவள் தலைகுனியாமல் நின்றாள்.

"கடலுக்குள்ள ஆம்பிளையளைக் காக்க ஆள் வைச்சிருக்கிறியள், ஐயா. கரையில எங்களைக் காக்க ஒருத்தரும் இல்லையோ?"

துரைக்குப் பக்கத்தில் நின்ற முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். துரை உச்சுக்கொட்டினார், ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினார். லாந்தர் வந்துவிடும் என்று லூசியா பெண்களுக்கெல்லாம் சொல்லிவைத்தாள்.

மூன்றாம் நாள் பறையடித்துக் கட்டளை வாசித்தார்கள். பெண்களின் பாதுகாப்பைக் கருதி, பெட்டிசத்தில் கண்ட பதினொரு பெண்களும் அன்று பின்னேரமே மரிச்சுக்கட்டியை விட்டுப் போகவேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். முதற்பெயர் லூசியா. பற்றைக்குள் நின்றவர்களின் பெயரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

பெண்கள் லூசியாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மூட்டை கட்டிய கையோடு அவள் பெற்றிசியாவிடம் ஓடினாள். யாகப்பரையும் வண்டியில் ஏற்றுவோம், நீயும் வந்துவிடு என்று கையைப் பிடித்தாள்.

"அவரை அசைக்கக்கூடாது எண்டு வைத்தியர் சொன்னவர், அக்கா. என்ர பேர் அதில இல்லைத்தானே. நான் நிக்கலாமாம்."

குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதைத்தான் லூசியாவால் தாங்க முடியவில்லை.

வண்டிகள் புறப்பட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெற்றிசியா புதுக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பாதையில் தனியாக இறங்கினாள். வண்டியை நிறுத்தச் சொல்லி லூசியா கத்தினாள்.

அவர்கள் கேட்ட பொலிஸ்காரன் வந்திருந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு, ஒருத்தியும் இறங்கக்கூடாது என்றான்.