குளித்துவிட்டுப் போனது தப்பு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனது ஐந்தாவது தடவை. முதல் நான்கு தடவையும் என் புருஷன் வீரமலையைக் கயிற்றால் கட்டி, மாட்டுவண்டியில் போட்டுத்தான் கொண்டுபோனார்கள். திருவானைக்காவலே வண்டிக்குப் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. ஊசி போட்டு, பத்து நாள் வைத்திருந்து, தெளிந்ததும் அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் வாழைமண்டியில் தார் சுமப்பார். பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும்.

இந்தத் தடவை அவரே சொன்னார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. விடிந்ததும் என் எதிரே வந்து உட்கார்ந்து, "புள்ள, வருது. காதுல பேச ஆரம்பிச்சிருச்சு. புத்தி இருக்கும்போதே கொண்டுபோய் விட்டுடு" என்றார். போன தடவை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியவர். கழுத்தளவுத் தண்ணீரில் ஆட்கள் பிள்ளையைப் பிடுங்கினார்கள். அவருக்கு அது நினைவில்லை, ஊர் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் பிள்ளையைத் தொட்டதே இல்லை.

சிரிக்காதீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு தடவையாவது மனுஷரைப் போலப் போகலாம் என்று நினைத்தேன். வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்து, தலைசீவி, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அமிர்தத்திடம் விட்டுவிட்டு, டிக்கெட் வாங்கி, பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அங்கேதான் கெட்டேன்.

அன்றைக்கு இருந்த புது டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கு வந்திருக்கான்?" என்றார். என் புருஷனே கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பைத்தியம் எங்கயாவது நான் பைத்தியம்னு சொல்லுமா? வேலைக்குப் போகச் சோம்பல். கூட்டிட்டுப் போம்மா."

பழைய சீட்டுகளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாசலில், ஒவ்வொரு தடவையும் வண்டியிலிருந்து இறக்குகிற வார்டு ஆள் சவரிராயன் மெதுவாகச் சொன்னான்: "சட்டை போட்டுக் கொண்டாந்தா எப்படிம்மா எடுப்பாங்க? முத்தட்டும். எப்பவும் போலக் கட்டித் தூக்கிட்டு வாங்க."

முத்தட்டுமாம். அது முத்துவதற்கு என் பிள்ளைதான் கிடைத்ததா? திரும்பிப் போய் டாக்டரின் மேஜையில் ஓங்கி அறைந்தேன். "எம்புள்ள பொணத்தக் கொண்டாந்தாத்தான் படுக்கை குடுப்பியாய்யா?" என்று கத்தினேன். காகிதங்கள் பறந்தன, கொண்டை அவிழ்ந்தது. இரண்டு பேர் ஓடிவந்து என்னைப் பிடித்து அழுத்தினார்கள். திமிறத் திமிற அழுத்தினார்கள்.

டாக்டர் புதுச் சீட்டை எடுத்தார். என் புருஷனுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. இந்தம்மா பேரு?"

"பொன்னுத்தாய். அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நோவு எனக்குத்தாங்க."

"பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீங்க, நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் என் பெயரை எழுதினார். "இவங்க இங்க இருக்கட்டும். குழந்தை இவங்ககிட்ட இருக்கிறது ஆபத்து. நீங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துக்குங்க."

என் புஜத்தில் ஊசி இறங்கியது. என் புருஷன் வராந்தாவுக்குப் போனார். அங்கே தரையில் உட்கார்ந்து, தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "எந்திரிங்க, புள்ள தேடும்" என்று சவரிராயன் அவர் தோளைத் தொட்டான். அவர் தூணோடு முகத்தை வைத்து, இன்னும் இறுக்கிக்கொண்டார்.