யாரு கேக்கப் போறா

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பச்சை. ஓர் இணையதளத்தை வெளியிடுவதற்கு முன்பு அதை ஒரு சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்ப்பார்கள். குறை இருக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி விழும், சரியாக இருந்தால் பச்சை. எத்தனை சிவப்பு விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டுத்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். எப்படி ஆக்குகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

வியாழக்கிழமை மதியம் கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். பச்சை, அவளுடைய மேனேஜர், விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த கேப்டன், கேப்டன் கூட்டிவந்திருந்த சோதனையாளர் அம்மாள். பள்ளியின் முன்பதிவு இணையதளம் பச்சை கட்டியது. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களும், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் அதில்தான் நாளும் நேரமும் பிடிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளால் அதற்குள் நுழையவே முடியவில்லை என்று பள்ளிக்குப் புகார் மேல் புகார். அந்த அம்மாளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. இணையதளங்களைப் பிரித்து மேய்வதுதான் அவருக்குத் தொழில். வந்து உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் மடிக்கணினியைத் திறந்துவிட்டார்.

"திரையில இருக்கறத இது எனக்குப் படிச்சுச் சொல்லும். நான் கேக்குற வேகத்துல விட்டா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. மெதுவா வெக்கிறேன்," என்று சொல்லி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஏதோ ஒண்ணு, பட்டன்," என்றது இயந்திரக் குரல்.

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாள் அடுத்த விசையைத் தட்டினார்.

"சும்மா, பட்டன்." இன்னொரு தட்டு. "இதுவும் சும்மா, பட்டன்."

கேப்டனின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்து என்ன வரும் என்று அந்த அறையில் பச்சை ஒருத்திக்குத்தான் தெரியும். மின்சாரம் போகாதா, யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டாள்.

"யாரு கேக்கப் போறா, பட்டன்."

"இதுதான் ‘பதிவை உறுதி செய்’ங்கற பட்டன்," என்றார் அம்மாள், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல். "கண்ணு தெரியறவங்களுக்கு எழுத்துப் போட்ட படம் தெரியும். எங்களுக்கு அதுக்குப் பின்னால எழுதி வெச்சிருக்கற பேரு மட்டும்தான் கேக்கும். யாரு கேக்கப் போறான்னு கேட்டிருக்காங்க. நான் கேட்டேங்க."

நடந்தது இவ்வளவுதான். தளம் வெளியாக வேண்டிய அன்று தலைக்கு மேல் வேலை. பட்டன்களுக்கெல்லாம் படம் போட்டாயிற்று, பின்னால் பெயர் எழுதவில்லை. சோதனைக் கருவி வரிசையாகச் சிவப்பு காட்டியது. அந்தக் கருவி பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், என்ன பெயர் என்று படிக்காது. அது பச்சைக்குத் தெரியும். வாயில் வந்ததை எல்லாம் தட்டினாள். கடைசி பட்டனுக்கு வரும்போது கொஞ்சம் குஷிகூட வந்திருந்தது. எல்லாப் புள்ளியும் பச்சையானதும் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

"யாரு எழுதினது இது?" என்றார் கேப்டன்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "நெட்டையன் வேலையாத்தான் இருக்கும் சார். போன வருஷமே வேலைய விட்டுப் போயிட்டான். அவனுக்கு எல்லாத்துலயும் விளையாட்டு."

நெட்டையன் அந்தத் தளத்தைத் தொட்டதே இல்லை. பச்சை வாயைத் திறந்தாள். சொல் வருவதற்குள் பழி இன்னொருவன் தலையில் இதமாகப் போய் உட்கார்ந்தது. அவள் மென்று முழுங்கிவிட்டு, "நான் சரி பண்ணிடுறேன் சார், சனிக்கிழமைக்குள்ள," என்றாள். மேனேஜருக்கு ஒரே பெருமை. அம்மாள் மட்டும் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

இத்தோடு போயிருந்தால் அலுவலகத்து அவமானம், துடைத்துப் போட்டுவிடலாம். ஆனால் பச்சைக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். அவள் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டிலேயே இருந்தான். அவனுக்கும் கண் தெரியாது.

இருபது வயதில் பைலட் ஆகப் போகிறேன் என்று மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் அவன் கண்ணில் கோளாறு இருப்பதே தெரிந்தது. ஓரங்களில் தொடங்கி, பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கி, நாற்பதைத் தாண்டுவதற்குள் முழுக்கப் போய்விட்டது. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் எண்ணில் தொலைபேசியில் பதில் சொல்கிற வேலை அவனுக்கு. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் யாரும் கொஞ்ச நேரம் விமானத்தின் கைப்பிடியைப் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. அதுவும் தங்கை கட்டிய தளத்தில் பதிவு என்றால் கேட்க வேண்டுமா? தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குத்தான் பதிவு திறக்கும். திறந்த சூட்டில் இடங்கள் தீர்ந்துவிடும். அவள் எத்தனையோ தடவை, "நான் போட்டுத் தரேண்ணா, ஒரு நிமிஷ வேலை," என்று சொல்லிப் பார்த்தாள். "ஏன், எனக்குக் கையில்லையா? நானே போடுறேன்," என்றுவிடுவான். ஒவ்வொரு வாரமும், "இடம் கிடைக்கல பாப்பா, ஜனங்க முந்திக்கிறாங்க," என்பான். ஜனங்கள் முந்திக்கொள்கிறார்கள் என்றுதான் அவளும் நம்பினாள்.

வியாழக்கிழமை கூட்ட அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஜனங்கள் இல்லை. ‘சும்மா’வும் ‘இதுவும் சும்மா’வும்தான். அத்தோடு அவள் வைத்த பத்து நிமிடக் கெடு வேறு. நேரம் பிடித்து பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தளம் இடத்தைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். மழைக்காலம் வந்துவிட்டால் இந்த ஒருநாள் பறத்தலை அடுத்த வருடம்வரை நிறுத்திவிடுவார்கள். வருகிற ஞாயிறுதான் கடைசி.

வெள்ளியும் சனியும் பேய் மாதிரி உட்கார்ந்து திருத்தினாள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒழுங்கான பெயர். கெடு முடியப் போனால் கூடுதல் நேரம் வேண்டுமா என்று தளமே கேட்கும், ஆம் என்றால் கொடுக்கும். இந்தத் தடவை பச்சைப் புள்ளியை நம்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தானே ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் செய்தாள். கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானாக வேலை நடந்துவிடும், அவனுக்கு எதுவும் தெரிய வேண்டாம், எனக்கும் மானம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் கீழே போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள போகாத. இப்ப வீடு பத்தி எரிஞ்சாக்கூட உங்க அண்ணன் காதுல விழாது," என்றாள்.

பச்சை அறை வாசலிலேயே நின்றாள். அண்ணனின் கணினியிலிருந்து குரல் மழையாகக் கொட்டியது. அவ்வளவு வேகத்தில் அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவன் விரல்கள் தயக்கமே இல்லாமல் எதையோ தட்டின. குரல் சட்டென்று நின்றது. மறுபடி தட்டினான். மறுபடி நின்றது. அவன் நெற்றி சுருங்கியது.

"பாப்பா, வாசல்ல நீதானே? உன் சைட்டுல ‘சும்மா’ எங்கம்மா போச்சு?"

அவள் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"அதான், நேரம் பிடிக்கிற பட்டன். ‘ஏதோ ஒண்ணு’ன்னா தேதி. ‘சும்மா’ன்னா நேரம். ‘யாரு கேக்கப் போறா’ன்னா உறுதி. இது புரியறதுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வார்த்தையைப் போட்டுத் தேடினா டக்குனு அங்க போய் நிக்கும். போன வாரம் ஒரு நொடியில தவற விட்டேன். இன்னைக்குப் பிடிச்சிடலாம்னு பாத்தா ஒண்ணையும் காணோம். இன்னும் ரெண்டே இடம்தான் இருக்காம்."

"தேடாதண்ணா," என்றாள். "வரிசையா கீழ போ. எல்லாத்துக்கும் சரியான பேரு வெச்சிருக்கேன். சும்மாவை நான்தான் எடுத்தேன். எழுதினதும் நான்தான்."

அவன் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனான். தேதி. நேரம். மீதியிருந்த கடைசி இடத்தில் அவன் விரல் அழுந்தியது. கெடு ஓடத் தொடங்கியது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான்.

"நீதான்னு தெரியும். எல்லாத்துக்கும் ‘யாரு கேக்கப் போறா’ங்கறது சின்ன வயசுலேருந்து உன் பேச்சுதானே. ஆபீஸ்ல சொன்னியா?"

"இல்ல. நெட்டையன் மேல போட்டாங்க. பேசாம இருந்துட்டேன்."

"அடிப்பாவி!"

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன். சத்தியமா."

"சொல்லு." படிவத்தில் இன்னும் நிரப்ப வேண்டியது இருந்தது. அவன் கை விசைகளின்மேல் சும்மா கிடந்தது. "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ‘யாரு கேக்கப் போறா’ன்னு எழுதறப்போ என் ஞாபகம் வரலையா உனக்கு?"

வந்தது, ஆனால் அவசரம் என்று சொல்லலாம். நீ இதில் வருவாய் என்று அப்போது தெரியாது என்று சொல்லலாம். நாலைந்து பொய் கைக்கெட்டுகிற தூரத்தில் தயாராக இருந்தன. நேரம் போனது. கெடு முடியப் போகிறது, கூடுதல் நேரம் வேண்டுமா என்று கணினி கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு விசையைத் தட்டினான். முகத்தை அவள் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"வரலண்ணா," என்றாள். "காலையில உன் கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் அன்னைக்கு வேலைக்குப் போனேன். ஆனா ஞாபகம் வரல."

அண்ணன் தலையை மெல்ல ஆட்டினான். அடுத்த அறையில் அண்ணி துணியை உதறும் சத்தம் கேட்டது. திட்டுவான் என்று பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி வேலையைப் பார்த்தான்.

விமானத்தில் பின்னால் ஓர் இருக்கை உண்டு, கூட ஒருவரை அழைத்துப் போகலாம். உடன் வருகிறவர் என்ன உறவு என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை வைத்ததும் அவள்தான். அண்ணன் அதில் எழுத்து எழுத்தாகத் தட்டினான். யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் தட்டிப் பழகிய கை.

குரல் அதைத் திருப்பிப் படித்தது. அந்த வேகத்தில் அவளுக்கு முதன்முதலாகப் புரிந்த சொல் அதுதான். தங்கை.

அவன் உறுதி செய்தான். இடம் கிடைத்துவிட்டது என்றது குரல். அண்ணிக்குக் கேட்கும்படி, "போட்டாச்சுடி!" என்று கத்தினான். அவனால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் பச்சையால் தலையை நிமிர்த்த முடியவில்லை.