முயல் எப்படிக் கத்தும்?

திரைக்கதையின் பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: "முயல் (மகிழ்ச்சியுடன்): ..." அந்தப் புள்ளிகளுக்கு மேல் எழுத்தாளருக்கு எதுவும் ஓடவில்லை. யானை என்றால் பிளிறுகிறது என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார். நரி ஊளையிடும், மயில் அகவும், குதிரை கனைக்கும். தமிழ் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வினைச்சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது. முயலின் முறை வந்தபோது மட்டும் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள் போலும்.

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் அது. ஓர் அப்பா, ஓர் அம்மா, ஓர் அக்கா, ஒரு தம்பி, ஒரு மஞ்சள் ஜீப். வாராவாரம் குடும்பத்தோடு காட்டுக்குப் போவார்கள். ஏதாவது ஒரு மிருகம் எதிரே வரும். அம்மா அதைப் பற்றி விளக்குவாள், அப்பா வழுக்கி விழுவார். லீவு கிடைக்குமா, பெட்ரோல் என்ன விலை என்ற கவலையெல்லாம் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது.

"கீச் கீச்னு போட்டுடலாமா?" என்றார் எழுத்தாளர்.

"அது எலி சார்," என்றாள் படம் வரைகிற பெண். "போன வாரம்தான் போட்டோம்."

"அப்ப ம்யா ம்யா?"

"அதுக்கு நான் பூனையையே வரைஞ்சிடறேன். காதை மட்டும் கொஞ்சம் நீட்டி விட்டாப் போச்சு."

முயலைப் பார்க்காதவர் அந்த அறையில் யாருமில்லை. ஆனால் அதன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்து கேட்டவரும் யாருமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சற்று நேரம் அனைவரும் உண்மையாகவே யோசித்தார்கள். அலுவலகங்களில் அபூர்வமாக நடக்கிற காரியம்.

இயக்குநர் அதைக் கலைத்தார்.

பச்சை நிறத்தில், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த மேல்சட்டை போட்டிருப்பார். ஏசி அறைக்குள்ளும் தொப்பி. "காடு எனக்குத் தாய் வீடு மாதிரி" என்பது பேட்டிகளில் அவர் தவறாமல் சொல்லும் வாக்கியம். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் நாலாவது மாடிக்கு ஏற முடியாமல் வாசலோடு வீட்டுக்குத் திரும்பிவிடும் மனிதர், தாய் வீட்டுக்கு எப்போது போய் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் அவருக்கு வனராஜா என்று பெயர். அவர் இல்லாத நேரத்தில் மட்டும்.

"முயல் உறுமும்," என்றார் வனராஜா. "நான் முயல்களோட வாழ்ந்தவன்."

சொன்னதோடு விடவில்லை. கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்து, உறுமியும் காட்டினார். மழைக்காலத்தில் இறுகிப்போன மேஜை டிராயரை இழுத்தால் அப்படித்தான் கேட்கும். ஒலிப்பதிவாளர் சட்டென்று குனிந்து, பழுதே இல்லாத ஒரு வயரைச் சரிபார்க்க ஆரம்பித்தார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் பிடிக்காத முயலுக்கே மூன்று கால் வைக்கிறவர்.

"சார், முயலைப் பேசாமலே விட்டுட்டா என்ன?" என்று கேட்டாள் ஜூ அக்கா.

தொடரில் வரும் மிருகங்கள் அத்தனைக்கும் குரல் கொடுக்கிறவள் அவள். அதனால் அந்தப் பெயர்.

"என்னம்மா பேசறே! சேனல் விதி தெரியாதா? மூணு விநாடிக்கு மேல சத்தம் இல்லன்னா குழந்தை ரிமோட்டை எடுத்துடும். ஒண்ணு, ரெண்டு, மூணு... போச்சு! பக்கத்துச் சேனல்ல பல்பொடி விளம்பரம் பார்த்துக்கிட்டிருக்கும்."

அதனால்தான் அந்தத் தொடரில் ஆமைகூட முணுமுணுத்துக்கொண்டே போகும். வண்ணத்துப்பூச்சி பறந்தால் ஜலதரங்கம் ஒலிக்கும்.

வனராஜா குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. நம்ம தொடர்ல அம்மாவுக்குப் பேசிக்கிட்டிருந்த பொண்ணு செய்தி வாசிக்கப் போயிட்டா. அந்த இடம் காலி. வெள்ளிக்கிழமை முயலைப் பிரமாதமாப் பண்ணிக் காட்டு. அன்னைக்கே அம்மாவும் நீதான்."

ஜூ அக்காவுக்குக் காது சூடாகியது. பல வருஷமாக மைக் முன்னால் நின்றும், அவள் வாயிலிருந்து மனுஷ பாஷையில் ஒரு வாக்கியம் ஒளிபரப்பானதில்லை. பள்ளிக்கூடத்தில் 'அம்மா என்ன பண்றாங்க?' என்று ஆசிரியை கேட்டதற்கு அவள் மகள் எழுந்து நின்று, "இப்ப கழுதைப்புலியா இருக்காங்க மிஸ். முன்னாடி குரங்கா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். ஒரே ஒரு வாக்கியம், நிறுத்தி நிதானமாக, எழுவாய் பயனிலையோடு டிவியில் பேசிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூ அக்கா குடியிருந்த குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். சிகிச்சைக்கு வருகிற குழந்தைகள் பயப்படாமலிருக்க ஒரு சாம்பல் நிற முயல் வளர்த்தார். அது ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் விழுந்திருந்தது.

"இவன் கத்துவானா டாக்டர்?" என்று கேட்டாள் ஜூ அக்கா.

"ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன். பழைய வீட்டுல ஒரு நாய் வந்து கவ்விடுச்சு. உயிர்பயம் வந்தாத்தான் முயல் வாய்விட்டுக் கத்தும்மா. பச்சைக் குழந்தை வீறிடற மாதிரி இருக்கும். அதை நீ கேக்கவே வேணாம்."

"சந்தோஷமா இருந்தா?"

டாக்டரம்மா யோசித்தார். "அது தெரியலியே. நான் எல்லாரோட வாயையும் பார்க்கறேன். இவன் வாயை மட்டும் பார்த்ததில்ல. வேணும்னா கொண்டு போய் வச்சுப் பாரேன்."

மேனேஜர் கூடையோடு மேலே வந்தது. ஜூ அக்கா, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், மகள் மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்து அதையே பார்த்தார்கள். அது மூக்கை மட்டும் ஆட்டியது.

"நீ வந்த புதுசுல இப்படித்தான் வாயே திறக்காம இருந்தே," என்றான் கணவன். "இதுவும் பழகிடும், பயப்படாதே."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. உடனே தரையில் 'டம்' என்று ஓர் அடி.

"டாக்டரம்மா கீழேருந்து தட்டறாங்களா?"

"இல்லப்பா! மேனேஜர்தான் பின்னங்காலால அடிச்சான்!" என்று குதித்தாள் மகள். "இன்னொரு தடவை விசில் அடிக்க விடும்மா!"

"வேணாம்டி, பயந்திருக்கு பாரு." ஜூ அக்கா அதை மடியில் தூக்கி வைத்து, இரண்டு காதுக்கும் நடுவில் மெல்லத் தடவினாள். தடவத் தடவ முயல் தட்டையாகிக்கொண்டே போனது. கண் பாதி மூடியது. மகள் அதன் கன்னத்தில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"அம்மா," என்றாள் கிசுகிசுப்பாக. "உள்ள யாரோ ரொம்பத் தூரத்துல வேர்க்கடலை உடைக்கிறாங்க."

கணவன் காதை வைத்தான். "ஒண்ணும் கேக்கலியே. ஃபேனை நிறுத்து." நிறுத்தினார்கள். "ஃப்ரிட்ஜும் உறுமுது." அதையும் நிறுத்தினார்கள். அப்போது கேட்டது. பல்லோடு பல் உரசுகிற சின்னச் சத்தம். தடவினால் வந்தது, கையை எடுத்தால் நின்றது. மறுபடி தடவினால் மறுபடி வந்தது. மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு கேட்டார்கள். முறை தவறியதாக அப்பாவும் மகளும் சண்டையே போட்டார்கள். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து காலையில் பால் திரிந்திருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பல்லைக் கடிக்காதீங்கன்னு ஊரெல்லாம் சொல்றேன். என் வீட்டுலயே ஒருத்தன் அதைச் சந்தோஷத்துக்குப் பண்றானா!"

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு அறையில் ஜூ அக்கா இதை வனராஜாவிடம் சொன்னாள்.

"பல்லைக் கடிச்சா கோபம்மா. இது அரிச்சுவடி," என்றார் அவர்.

"நானே காதை வச்சுக் கேட்டேன் சார்."

"நீ கேட்டது வீட்டு முயல். நான் கேட்டது காட்டு முயல். குழந்தைங்களுக்குக் கத்தல் வேணும். உனக்கு அம்மா வேஷம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டையை இறுக்கி ஒரு கத்துக் கத்தினாள். டாக்டரம்மா சொன்ன அந்தப் பச்சைக் குழந்தை எப்படியோ அவள் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வனராஜா எழுந்து கைதட்டினார்.

"இதே! காட்டுல நான் கேட்டது இதேதான்!"

போன வாரம் காட்டில் அவர் கேட்டது உறுமல். அதை நினைவூட்ட யாருக்கும் சம்பளம் தரப்படவில்லை.

ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். "இது சந்தோஷமாக்கா? எனக்கு என்னவோ உடம்பு சிலிர்த்துப்போச்சு."

அவள் பதில் சொல்வதற்குள் அம்மாவின் வசனத்தாள் கைக்கு வந்துவிட்டது. அவளுடைய முதல் மனுஷ வாக்கியம். "கேட்டீங்களா கண்ணுங்களா? முயல் ரொம்பச் சந்தோஷமா இருந்தா இப்படித்தான் கத்தும்!"

முதல் முறை 'சந்தோஷமா'வில் குரல் இடறியது. இரண்டாவது முறை இருமல் வந்தது.

"என்னம்மா இது?" ஸ்பீக்கரில் வனராஜா. "ஓநாய்னா மூச்சு விடாம ஊளையிடறே. மனுஷி மாதிரி ஒரு வரி சொல்ல வரலியா?"

வரவில்லைதான். வாக்கியத்தில் எழுவாய் இருந்தது, பயனிலையும் இருந்தது. ஆனால் அதைக் கேட்கப்போகிற குழந்தைகளில் யாராவது ஒன்று, என்றைக்காவது நாய் வாயில் அகப்பட்ட முயலின் கத்தலைக் கேட்டு, "ஐ, முயலுக்குச் சந்தோஷம்!" என்று கைதட்டும். அதைச் சொல்லிக் கொடுத்த குரல் யாருடையது என்று அவள் மகளுக்குத் தெரிந்திருக்கும். தன் காதாலேயே வேர்க்கடலைச் சத்தத்தைக் கண்டுபிடித்தவள் அந்த மகள். இந்த வேஷம் போனால் திரும்ப வராது என்பதும் ஜூ அக்காவுக்குத் தெரியும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஷ்... கண்ணுங்களா, யாரும் பேசாதீங்க. சந்தோஷமா இருக்கற முயல் கத்தாது. பக்கத்துல போய், காதை வச்சுக் கேளுங்க."

சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் வனராஜா கோபமாகக் கையைத் தூக்கி எண்ணத் தொடங்கினார். ஒரு விரல். இரண்டு விரல். மூன்றாவது விரல் பாதியிலேயே நின்றது. அவர் தலை மெல்ல ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தது. தொப்பி ஸ்பீக்கரில் இடித்தது, கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுத்தாளர் அவருக்கு மேல் சாய்ந்தார். படம் வரைகிற பெண் எழுத்தாளரின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினாள். திரையில் ஒலிக்கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

"என்ன கேக்குது?" என்றார் வனராஜா, ரகசியமாக.

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் ஒலிப்பதிவாளர்.

"சத்தத்தைக் கூட்டு."

"கூட்டிட்டேன். ஒண்ணுமே இல்ல."

"அப்ப நான் எதைய்யா கேட்டுக்கிட்டிருக்கேன்?"

வனராஜா நிமிர்ந்தார், இருமினார், பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எதிலும் அந்த நேரத்துக்குப் பொருத்தமான சொல் அகப்படவில்லை. கடைசியில் கண்ணாடி அறைக்குள் பேசும் பட்டனை அழுத்தி, "அந்த முயல் இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார்.

மதியத்துக்குள் மேனேஜர் ஆட்டோவில் வந்து இறங்கியது. வனராஜா தரையில் சம்மணம் போட முயன்று, பாக்கெட்டுகள் இடித்ததால் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, காதைக் கொண்டுபோனார். ஜூ அக்கா தடவினாள். அவர் முகத்தில் முதலில் சந்தேகம் இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. பத்து வயது குறைந்தாற்போல் இருந்தார்.

"என்னைப் பார்த்துத்தானே சந்தோஷப்படுது?"

"ஆமா சார்," என்றாள் ஜூ அக்கா. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை மேனேஜர்தான் சொல்ல வேண்டும்.

மைக்கை முயலின் கன்னத்தருகே பிடித்துப் பதிவு செய்தார்கள். "முதல்ல ஒண்ணு கத்தினேனே, அதை அழிச்சிடுங்க," என்றாள் அவள். ஒலிப்பதிவாளர், "அப்பவே அழிச்சிட்டேன்க்கா" என்றார்.

பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். முயல்களோடு வாழ்ந்த காலத்தில் அவற்றின் பல் மொழியைத் தானே கண்டறிந்ததாக வனராஜா பேட்டி கொடுத்தார். மௌனத்தின் அழகியல் என்று ஒரு சொல்லும் அதில் வந்தது. சேனல்காரர்களுக்குப் பொருள் புரியவில்லை. புரியாததை மறுப்பது மரியாதையில்லை என்று அனுமதித்துவிட்டார்கள்.

ஒளிபரப்பான அன்று ஜூ அக்காவின் வீட்டில் மகளும் எதிர்வீட்டுச் சிறுமியும் டிவிக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்தார்கள். மஞ்சள் ஜீப் நின்றது. அப்பா வழுக்கி விழுந்தார். புல்லுக்குள் முயல் தெரிந்தது. கார்ட்டூன் அம்மா உதட்டில் விரல் வைத்து, ஜூ அக்காவின் குரலில், யாரும் பேசாதீங்க என்றாள்.

"ஏன்டி," என்றான் கணவன், "இத்தனை வருஷம் காத்திருந்து ஊருக்கு முன்னால வாயைத் திறக்கறே. சொல்ல வேற வார்த்தையே கிடைக்கலியா? இதைத்தானே தினமும் இங்க சொல்றே."

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

"அப்பா! அம்மா! ரெண்டு பேரும் ஷ்!"

மகள் டிவியின் இடப்பக்க ஓரத்தில் காதை ஒட்டினாள். எதிர்வீட்டுச் சிறுமி வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலைகளும் சேர்ந்து திரையை முழுவதுமாக மறைத்துவிட்டன. முயலும் தெரியவில்லை, ஜீப்பும் தெரியவில்லை. தள்ளுங்கடி என்று சொல்ல வாயெடுத்த ஜூ அக்கா, அப்படியே மூடிக்கொண்டாள்.