பதினோராம் பாட்டு வரை

சிதம்பரத்துக் கீழவீதியில், மணவாளன் வீட்டுக் கூடத்தில், 2008 தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எழிலன் புஷ்பவள்ளியைப் பார்த்தான். பார்த்த கணமே, இவள்தான் என்று உள்ளம் முடிவுகட்டிவிட்டது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும். மறுநாள் அவளைப் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வேறொரு வரன் வருவதாக இருந்தது.

"அப்பா பதிகம் பாடுனா தெருவே நின்னு கேக்குமாமே. தம்பியும் ஒண்ணு பாடுங்களேன்" என்றார் பெண்ணின் தந்தை மணவாளன்.

எழிலனின் தாய் மங்கலத்துக்கு முகம் வெளுத்தது. "வேணாங்க, கடலூர்லேந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தான்..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மகனின் வலக்கை தொடையில் தாளமிடத் தொடங்கிவிட்டது.

அந்தக் கையைப் பழக்கியவர் தந்தை கண்ணாயிரம். அவர் சிவபதம் அடைந்து மூன்றாண்டு ஆகியும் அவர் இட்ட சட்டம் வீட்டில் உயிரோடிருந்தது. பதிகம் எடுத்தால் பதினோரு பாட்டும் பாடி முடிக்க வேண்டும். இடையில் பேசலாகாது, எழலாகாது, தாளம் நிற்கலாகாது. ஒருமுறை ஆறாம் பாட்டில் பூசையறைக்குள் தேள் நுழைந்தது. கண்ணாயிரம் அதை ஒரு கண்ணால் கண்காணித்தவாறே மிச்ச ஐந்தையும் பாடி முடித்து, அதன் பிறகே செருப்பைத் தேடினார். தேளும் அதுவரை நகரவில்லை என்று மங்கலம் சத்தியம் செய்வாள். மகனோ, கடலூரை அடுத்த குடிகாட்டில் ஆலை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சங்கு ஊதிய பிறகும் ஆலை வாசலில் நின்று பத்தாம் பாட்டைப் பாடி மெமோ வாங்கியவன்.

யார் கேட்டாலும் இரண்டு பாட்டோடு நிறுத்துவதாக இன்று பேருந்திலேயே தாய்க்கு வாக்களித்திருந்தான். இரண்டு முடிந்தது. வாய் தானாக மூன்றாவதற்குப் போனது.

நாலு இருபதுக்கு ஐந்தாம் பாட்டு.

"தங்கச்சி, ராகுகாலம் வந்துடும். தம்பிக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கா?" என்று மங்கலத்திடம் கேட்டார் மணவாளன்.

"டேய் எழிலா, சொல்லுடா!" என்று மங்கலம் கிள்ளினாள். அவன் பாடிக்கொண்டே தலையை ஆட்டினான்.

"ஆமாங்கிறாரா, இல்லைங்கிறாரா?"

"பாட்டுக்கும் இப்படித்தாங்க ஆட்டுவான். இவுங்கப்பாவோட முப்பது வருஷம் குடும்பம் நடத்துனேன், எனக்கே வெளங்குனதில்ல."

மணவாளன் பெருமூச்சுவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போக எழுந்தார். அதைக் கண்ட எழிலனின் கண்களில் நீர் தளும்பியது; ஏழாம் பாட்டு என்றுமில்லாத உருக்கத்தோடு வந்தது.

"அடடா, என்னா பக்தி!" என்று உருகினார் மணவாளன், தட்டும் கையுமாக.

புஷ்பவள்ளி தபால் நிலையக் கவுண்டரில் அமர்பவள். வாய் திறவாதவர்களிடமும் முகவரி வாங்கிவிடும் வல்லமை அவளுக்கு உண்டு. "அம்மா, அவுங்க பாடட்டும். என்னைப் புடிச்சிருந்தா தாளத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் மங்கலத்திடம்.

நாலு இருபத்தெட்டு. எழிலனின் கை உயர்ந்தது. விழ வேண்டிய இடத்தில் விழாமல், தொடைக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் நின்றது. இருபத்தொன்பது வயதில் அவன் தந்தையின் சொல்லை மீறியது அதுவே முதன்முறை. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"தட்டை மாத்துங்கப்பா!" என்றாள் புஷ்பவள்ளி.

தட்டு மாறியது. ஒன்பதாம் பாட்டில் கேசரி வந்தது. பத்தாம் பாட்டில் காபி. பதினோராம் பாட்டும் முடிந்ததும் எழிலன் மூச்சு வாங்க, "ரொம்பப் புடிச்சிருக்கு" என்றான். மணி நாலு நாற்பது.

"அதை ராகுகாலத்துலயாடா சொல்லுவ, பாவி!" என்று மங்கலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

புஷ்பவள்ளி ஆறிப்போன காபியை அவன் முன் வைத்தாள். "மொதல்ல கையைக் கீழ எறக்குங்க. மூணு பாட்டா தூக்கியே வச்சிருக்கீங்க."