கரையும் நூல்

கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றிய கல்யாணப் பெண், இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். புது உடுப்பின் இடுப்புத் தையல் முழுக்க விட்டுப்போய், பாவாடை தனியாகத் தொங்கியது.

"அப்பா, நான் நகர்ந்தா மானம் போயிடும்," என்றாள், சிரிப்பை அடக்கியபடி.

அறை வாசலில் நின்ற பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. மானம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கீழே கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாகிவிட்டது.

"யார் தைச்சது?"

"நான்தாண்ணா," என்றாள் அவருடைய தங்கை. "இடுப்பு தொளதொளன்னு இருந்துச்சு. பிரிச்சு, பிடிச்சுத் தைச்சு, வெந்நீர்ல ஊறப்போட்டு, நல்லா ஆவி காட்டி இஸ்திரியும் போட்டேன். உங்க மருமக பையில பளபளன்னு ஒரு நூல் இருந்துச்சு, அதுலதான் தைச்சேன்."

"அவகிட்டயே கொடுத்திருக்கலாமே அத்தை," என்றாள் பெண்.

"புருஷனை இழந்தவ கை கல்யாணத் துணியில படலாமா? அவ கைதான் படக் கூடாது. நூல் பட்டா என்ன?"

பெண் உடனே "அண்ணீ" என்று குரல் கொடுத்தாள்.

மருமகள் பின்னறையிலிருந்து வந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே இரும்மா என்று காலையில் அவளிடம் சொன்னவர் பெரியவர்தான். மகன் இறந்த பிறகும் இந்த வீட்டிலேயே இருந்து ஆய்வகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள். நல்ல நாள் வந்தால் மட்டும் அவளுக்குப் பின்னறை.

அத்தை நீட்டிய நூல் சுருளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை, இது குழந்தைங்க வாய்க்குள்ள தையல் போட நாங்க உருவாக்கிட்டிருக்கற நூல். தையல் பிரிக்கறேன்னு மறுபடி அழ வைக்கக் கூடாதுல்ல? அதான் உடம்புச் சூட்டுலயும் ஈரத்துலயும் தானா கரையற மாதிரி பாலிமரை அமைச்சிருக்கோம். நீங்க வெந்நீரும் ஆவியும் காட்டிட்டீங்க. அது அவசர அவசரமா கரைஞ்சிருச்சு. இஸ்திரி மடிப்புல ஒட்டிட்டிருந்த துணி, இவ சுத்தினதும் விட்டுப்போச்சு."

குனிந்து துணியைத் தடவிப் பார்த்தாள். "ஒரு இழைகூட மிச்சமில்ல. ஆய்வகத்துலகூட இவ்வளவு சுத்தமா வந்ததில்ல."

"சோதனைக்கு நான்தான் கிடைச்சேனா அண்ணி?"

"பருத்தி நூல் கொடுங்க. நிமிஷத்துல தைச்சுடறேன்."

தங்கை குறுக்கே வந்தாள். "நீ வேணாம்மா. நல்ல காரியம்."

நீட்டிய கையை மருமகள் மடக்கிக்கொண்டாள். பெரியவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"மாமா, மாப்பிள்ளையோட அம்மாவும் என்னை மாதிரிதானே? நீங்கதானே வாசல் வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்து, முதல் நாற்காலியில உட்கார வச்சீங்க?"

"அவங்க மாப்பிள்ளை வீடும்மா," என்றாள் தங்கை, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது போல.

பெரியவர் அதைக் காதில் வாங்கினார். தானும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பதுதான் அவரைச் சுட்டது. சகுனம்கூட ஆள் பார்த்துத்தான் பேசுமா? ஊரார் முன் கட்டிக் காத்த கௌரவம் கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ள பயம்தானா?

தையல் டப்பாவைத் துழாவினார். வெள்ளைப் பருத்தி நூலை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஆய்வகத்தில் பழகிய கை. தையல் எறும்பு ஊர்வது போலச் சின்னச் சின்னதாய் ஓடியது.

"இது கரையாதே அண்ணி?"

"கல்யாணம் முடியற வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உன் பாடு, உன் புருஷன் பாடு."

தங்கைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

பெரியவர் அதற்குள் கீழே இறங்கிவிட்டார். ஆட்கள் இருந்தும் யாரையும் ஏவாமல், நிமிர்ந்த முதுகு வளையாமல், தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

தங்கை பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தாள். "எல்லாருக்கும்தான் போட்டாச்சேண்ணா. இது யாருக்கு?"

"நம்ம வீட்டு மரியாதை இன்னும் மாடியில நிக்குது," என்றார் அவர், கூடத்துக்கே கேட்கும்படி. "நீயே போய் என் மருமக கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா."