இரண்டு பொட்டலம்

மலைப்படியில் பாதித் தூரத்தில் இருக்கும் பிள்ளையார் மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சிங்காரம் வாழையிலைத் துண்டு ஒன்றில் சிவப்பு அரளிப் பூவை வைத்து மடித்து நாரால் கட்டினார். அடுத்த துண்டில் வெள்ளை அரளியை வைக்க வேண்டும். வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு, அதிலும் ஒரு சிவப்பையே வைத்துக் கட்டினார். எழுபத்து மூன்று வயதில் கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை செய்த வேலைதான்.

மருமகள் தமிழ்செல்வியும் பேத்தி மோனிஷாவும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பூ கட்டும்போது மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் சிங்காரத்தைப் போன்ற ஆட்களைச் சந்தித்ததில்லை போலும்.

விஷயம் இதுதான். தமிழ்செல்விக்குக் கோயமுத்தூரில் ஒரு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் தேதி போய்ச் சேர வேண்டும். திருத்தணியில் ரயிலேறிப் போய்வருகிற தூரமில்லை, குழந்தையோடு அங்கேயே குடிபோக வேண்டும். ஒரு வாரமாக அவள் காபி கொடுக்க வரும்போதெல்லாம் ஏதோ சொல்ல நின்று, சொல்லாமலே திரும்பிப் போனாள். நேற்றுதான் வாயைத் திறந்தாள். "மாமா, உங்களத் தனியா வுட்டுட்டு போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இருக்கேன்னும் சொல்ல முடியல. சாமிகிட்ட கேட்டுடலாம். சிவப்பு வந்தா இங்கயே இருந்துடறோம். வெள்ளை வந்தா போறோம்."

"ஆங், அதான் சரி" என்றார் சிங்காரம்.

நான்கு வருடத்துக்கு முன்பும் சாமிகிட்ட கேட்டார்கள். அப்போது மகன் கௌதமன் பட்டாளத்தில் மேஜர். பத்து வருட ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் நாலு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம், இல்லை வெளியே வந்துவிடலாம். விடுமுறையில் வந்தவன் கழனியில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்னு தோணுது நைனா. மோனி வளர்றத பக்கத்துல இருந்து பாக்கணும்" என்றான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கும் பேசி வைத்திருந்தான். அதைக் கேட்டு சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனுஷன் சிங்காரம். மனைவி சந்திரா போய்ச் சேர்ந்த பிறகு மகன் பக்கத்தில் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவர். ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் கண்ணில் வந்து நின்றது ஒரு நாற்காலி. மகன் ஆபீசரான பிறகு ஊர்க் கல்யாணங்களில் அவருக்கு முன்வரிசையில் போடப்பட்ட நாற்காலி. வேர்க்கடலை போட்டுப் பிழைத்தவரை, முழுக்கைச் சட்டைக்காரர்கள் எழுந்து "மேஜர் அப்பா வாங்க" என்று கூப்பிட்ட அழைப்பு. கம்பெனிக்காரன் அப்பாவை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? வேண்டாம் என்று மகனிடம் நேராகச் சொல்லவும் முகமில்லை. "உன் இஷ்டம்பா. எதுக்கும் மலைக்குப் போயி பூ போட்டுப் பாத்துடலாம்" என்றார். சிவப்பு வந்தால் பட்டாளம், வெள்ளை வந்தால் வீடு.

இதே மண்டபம், இதே பிள்ளையார். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. ஐந்து வயது மோனிஷா ஒன்றை எடுத்தாள். கௌதமன் பிரித்துப் பார்த்தான். ஒரு கணம் முகம் வாடியது. அதைச் சிங்காரம் பார்த்தார், பார்க்காதவர்போல இருந்துவிட்டார். பிறகு மகன் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தோளில் தூக்கி வைத்து, "மேடம் ஆர்டர் போட்டுட்டாங்க. இனி அப்பீல் கெடையாது" என்றான்.

இரண்டாவது வருடம் எல்லையில் சண்டை மூண்டது. ஆறாம் நாள் காலை, காயம்பட்ட ஒரு சிப்பாயைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது குண்டுச் சிதறல் பட்டு கௌதமன் இறந்தான். சிப்பாய் பிழைத்துக்கொண்டான். கொடி போர்த்திய பெட்டி வந்தபோது பள்ளிப்பட்டு ரோடு நெடுகச் சனம். சிங்காரம் விறைப்பாக நின்றார். என்ன தைரியம் பார் என்றார்கள். தைரியமாவது ஒன்றாவது. கொஞ்சம் அசைந்தாலும் உண்மை வாயிலிருந்து விழுந்துவிடும் என்று பயந்து நின்றார். இப்போதும் கல்யாணங்களில் முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். முன்னைவிடப் பெரிய நாற்காலி. அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது.

அப்படிப்பட்டவர் மறுபடியும் அதையே செய்வாரா என்று கேட்டால், செய்துவிட்டாரே. வெட்கமில்லையா கிழவா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வெட்கம் இருந்தது. இவர்களும் போய்விட்டால் அந்த வீட்டில் கௌதமன் படத்தோடு தனியாக உட்கார வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பொட்டலங்களைப் பிள்ளையார் முன் வைத்து, கற்பூரம் ஏற்றி, கூப்பிட்டார். மோனிஷா வந்தாள். ஒன்பது வயதுக்குக் கொஞ்சம் ஒடிசல். ரொம்பச் சாதுவான குழந்தை. பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனால் "நீங்களே எடுங்க தாத்தா" என்பாள். ஐஸ்கிரீம் கடையில் எது வேண்டும் என்று கேட்டால் "எதுனா பரவால்ல" என்பாள். மேஜர் பொண்ணு என்னா அடக்கம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச்சொல்லிச் சிங்காரத்துக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

"ஒண்ணு எடு பாப்பா."

பொட்டலங்களைப் பார்த்ததும் மோனிஷா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"எடும்மா. நேரமாவுது" என்றாள் தமிழ்செல்வி.

"நான் எடுக்க மாட்டேன். தாத்தா எடுக்கட்டும்."

"சின்னப் புள்ளதான் எடுக்கணும். எதுனா ஒண்ணு எடு. சாமி பாத்துக்கும்" என்றார் சிங்காரம்.

குழந்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மேலே ஏறிக்கொண்டிருந்த காவடிக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். தமிழ்செல்வி மண்டியிட்டு அவள் முகத்தை நிமிர்த்தினாள். "இன்னாடி ஆச்சு?"

"அப்பாக்கும் நான்தானே எடுத்தேன்."

"எதைடி?"

"செவப்பு. ரெண்டு இருந்துச்சுமா. மொதல்ல இன்னொண்ணுக்குத்தான் கை போச்சு. அப்புறம் மாத்தி எடுத்துட்டேன். மாத்தாம இருந்தா வெள்ளை வந்திருக்கும். அப்பா இங்கயே இருந்திருப்பாரு." மூக்கை உறிஞ்சினாள். "அப்பாவே சொன்னாரே, நான் ஆர்டர் போட்டுட்டேன்னு."

தமிழ்செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். "அது விளையாட்டுக்குச் சொன்னதுடி. நீ இன்னா பண்ணுவ? அது சாமி சொன்னது."

"சாமியா எடுத்துச்சு? நான்தானே எடுத்தேன்."

சிங்காரத்துக்கு அவள் வழக்கமாகச் சொல்வது காதில் கேட்டது. எதுனா பரவால்ல. நீங்களே எடுங்க தாத்தா. இத்தனை நாள் அவர் அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டது இதைத்தானா? தன் பாவத்தை ஒரு குழந்தை சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்ததை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் அறியவில்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பொட்டலங்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சரி வேண்டாம், நீ கோயமுத்தூர் போம்மா என்று சொல்லிவிடலாம். நல்ல மாமனார் என்ற பேரோடு வீடு போய்ச் சேரலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. குழந்தை மட்டும் ஆயுசுக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்.

அவர் பொட்டலங்களை எடுத்தார். நார் அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். இரண்டையும் பிரித்து மோனிஷாவின் முன் படிக்கல்லில் வைத்தார்.

"ரெண்டும் செவப்பு" என்றாள் மோனிஷா. ஒரு பூவை விரலால் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததையும் திருப்பினாள். "வெள்ளை எங்க தாத்தா?"

வேட்டி மடியிலிருந்து எடுத்தார். கசங்கியிருந்தது. "வெக்கல பாப்பா. அன்னைக்கும் வெக்கல. நீ எதை எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும். உன் கை ஒண்ணும் பண்ணல. தாத்தாதான் பண்ணேன்."

தமிழ்செல்வி பூக்களைப் பார்க்கவில்லை. சிங்காரத்தையே பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தேங்காய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து எழுப்பி, மேலே சந்நிதிக்குப் போகாமல் கீழே இறங்கினாள். மோனிஷா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிங்காரம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கற்பூரம் அணைந்து கல்லில் கரிப்புள்ளியாகியிருந்தது.

முப்பது நாற்பது படி கீழே, ஓரமாகத் துணி விரித்துக் கண்ணாடி வளையல் விற்கிறவளிடம் குழந்தை நின்றது. தாய் இழுத்தாள். குழந்தை நகரவில்லை. தாய் பிடியை விட்டாள். மோனிஷா குனிந்து, வளையல்களுக்கு மேலே கையை நீட்டி, இந்தப் பக்கம் கொண்டுபோனாள், அந்தப் பக்கம் கொண்டுபோனாள், சட்டென்று ஒன்றை எடுத்தாள். சிங்காரம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். என்ன நிறம் என்று அங்கிருந்து தெரியவில்லை.