இரண்டு விரல் துணி

தையல்காரருக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் வந்துவிட்டது. வழக்கமான சந்தேகமாக இருந்தால் தெருவுக்காவது பொழுது போயிருக்கும். இது வேறு. அவள் தன் கமிட்டியில் என்ன சொல்லப்போகிறாள் என்ற சந்தேகம்.

அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. அரசாங்கம் ஏழு பேரைக் கொண்ட ஒரு கமிட்டி போட்டது. உடலுறவுக்குச் சம்மதம் என்று ஒருவர் எந்த வயதில் சொன்னால் சட்டம் அதைச் சம்மதமாக ஏற்கலாம், எந்த வயதுக்குக் கீழே சொன்னால் அது சம்மதமே ஆகாது என்று முடிவு செய்ய வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு டாக்டர், ஒரு தலைமையாசிரியை, ஒரு வக்கீலம்மா, இரண்டு பெரிய மனிதர்கள். பொதுமக்கள் சார்பில் ஒருவராவது வேண்டுமே என்று நர்ஸம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் சில வாரங்கள் வீட்டில் ஒரே கலகலப்பு. சாப்பிடும்போது அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள்.

"டாக்டர் உடம்பு வளந்துடுச்சான்னு பாக்கணும்ங்கறாரு. டீச்சரம்மா, உடம்பு முந்திக்கும், புத்தி மெதுவாத்தான் வரும்ங்கறாங்க. ஜட்ஜையா ஒவ்வொரு நாட்டுலயும் பதினாலு, பதினாறு, பதினெட்டுன்னு ஏலம் விடற மாதிரி வாசிக்கிறாரு."

"கடைசியில எப்படித்தான் முடிவு பண்றீங்க?"

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பிள்ளையை நெனச்சுக்கிட்டுத்தான் நம்பர் சொல்றாங்க. பொண்ணு வச்சிருக்கறவங்க ஏத்தறாங்க. பையன் வச்சிருக்கறவங்க எறக்கறாங்க."

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவழியாகப் பதினெட்டு என்று முடிவானது. ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள் காதலித்தால் பையனைப் பிடித்து உள்ளே போட வேண்டாம் என்று ஒரு தளர்வும் வைத்தார்கள். அதுவரைக்கும் அவருக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. 'அவளுக்கு வயது குறைவு என்று எனக்குத் தெரியாது' என்று ஒருவன் சொன்னால் அவனை விட்டுவிடலாமா, கூடாதா? அன்று வீடு திரும்பியவள் தட்டை வைத்தாள், பரிமாறினாள், ரசத்துக்கு உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள்.

"என்ன, இன்னிக்கு ஏலம் நடக்கலையா?"

"மூணு பேர் விடலாம்ங்கறாங்க. மூணு பேர் கூடாதுங்கறாங்க."

"நீ?"

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டார்.

காரணம் இருந்தது. கல்யாணத்தின்போது அவருக்கு வயது இருபத்தாறு, அவளுக்குப் பதினைந்து. ஆனால் அதில் தன் தப்பு எதுவும் இல்லை என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். பதினெட்டு ஆகாத பெண்ணைக் கட்டமாட்டேன் என்று அந்தக் காலத்திலேயே கறாராகப் பேசியவர் அவர். பெண்ணின் அப்பா பதினெட்டு என்று சத்தியம் செய்தாராம், இவர் நம்பிவிட்டாராம். "தையல்காரனையே அளவுல ஏமாத்தின ஒரே ஆள் என் மாமனார்தான்" என்று விசேஷ வீடுகளில் இதை ஒரு நகைச்சுவையாக எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். மாமனார் தலையைக் குனிந்து சாப்பிடுவார். வயதில் பொய் சொன்ன அப்பாவிடம் நர்ஸம்மா பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ஆகவே 'தெரியாது' என்பது ஏதோ ஒரு சட்டத்தின் வரி இல்லை. அவருடைய மொத்த மரியாதையும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. அதை இவள் போய் ஒரு கை உயர்த்தி இடித்துவிட்டால்?

இதற்கெல்லாம் வக்கீலம்மாதான் காரணம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அந்தம்மாவோடு போனில் பேசும்போது மனைவியின் குரல் தாழ்வதைக் கவனித்தார். அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் துழாவினார். பஸ் டிக்கெட்டும் இருமல் மிட்டாயும் கிடைத்தன. தன் கல்யாணத்தையே உதாரணமாகச் சொல்லிப் பேப்பரில் போட வைத்துவிடுவாளோ என்று தூக்கம் கெட்டது.

ஒரு நாள் சாயங்காலம் வக்கீலம்மாவே கடைக்கு வந்து நின்றாள். கூடவே அவள் தங்கை மகள். பள்ளிக்கூட உடுப்பு தைக்க வேண்டுமாம். கமிட்டி முடிந்து அதே காரில் வந்த நர்ஸம்மா, இஸ்திரி மேஜைப் பக்கம் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. படட்டும், நம் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வயசைச் சொல்லாதீங்க, நானே சொல்றேன். பதினொண்ணு முடிஞ்சிருக்கும். பன்னெண்டு இன்னும் ஆகல."

சிறுமி வாயைப் பிளந்தாள். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள் வக்கீலம்மா.

"மணிக்கட்டைப் பாத்தாப் போதும்மா. தொழில் ஆரம்பிச்ச நாள்லேருந்து மூணு மாசம் முன்னப்பின்ன போனதில்ல."

"கொஞ்சம் பெரிசாவே தைங்க. வளர்ற பொண்ணு."

"அதை எனக்குச் சொல்லணுமா? வளர்ற பிள்ளைன்னா உள்ளே ரெண்டு விரல் துணி மடிச்சு விட்டுத்தான் தைப்பேன். வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்."

"அப்ப எனக்கும் அப்படியே தச்சுக் குடுங்க. நானும் அகலத்துல வளந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பெரியவங்களுக்கு விட மாட்டேம்மா. தையல் தடிச்சு அசிங்கமாயிடும். வளர்ற பிள்ளைக்கு மட்டும்தான்."

வக்கீலம்மா சிரித்தாள். இஸ்திரி மேஜையருகே மனைவியின் கை மடித்த துணியின் மேல் அப்படியே நின்றதை அவர் பார்த்தார். இரண்டு பேரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவர் காலடி கேட்டதும் மூடினாள்.

"என்ன தேடற?"

"பூச்சி அரிச்சிருக்கான்னு பாத்தேன்."

அவள் கடைத்தெருவுக்குப் போனதும் ஓடிப்போய்க் கல்யாணப் போட்டோக்களைச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தன. பேப்பர்காரனுக்குப் போகவில்லை என்று பெருமூச்சு விட்டார். பெட்டியில் வேறு எதையும் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கமிட்டி கை உயர்த்திய நாளன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கும் நேரத்தில் அவள் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சும்மா சொன்னாப் போதாது, தெரிஞ்சுக்க நீ என்ன செஞ்சேன்னு காட்டணும்னு சொன்னேன். நாலுக்கு மூணு. முடிஞ்சுது."

"வக்கீலம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"அவங்க விட்டுடலாம்னுதான் கை தூக்கினாங்க."

அத்தனை நாள் வளர்த்த சந்தேகம் ஒரே வார்த்தையில் போய்விட்டது. அவருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"என் கதையைச் சொன்னியா?"

"உங்க பேச்சையே எடுக்கல."

"இப்ப நான் குத்தவாளியா?"

"அன்னிக்கு இருந்த சட்டத்துல அது குத்தமில்லைங்க. புதுச் சட்டம் பழசுக்குப் போகாது. பயப்படாதீங்க."

அவருக்கு மூச்சு வந்தது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"வக்கீலம்மா இங்க வந்தாங்களே, அன்னிக்கு வரைக்கும் நானும் விடலாம்ங்கற பக்கம்தான் இருந்தேன். உங்களை நெனச்சுத்தான்."

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவளுடைய கல்யாண ரவிக்கை. அவர் தன் கையாலேயே தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவள் அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெட்டு மேஜையில் விரித்தாள். பக்கத் தையலை ஒட்டி, பிரித்த பழைய தையல்களின் தடம் வரிவரியாகத் தெரிந்தது.

"இதை நானேதான் மூணு தடவை பிரிச்சு விட்டேன். கடைசியா நர்ஸ் டிரெயினிங் போறப்ப. அப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தோணல. எதுக்கு இதுல ரெண்டு விரல் விட்டீங்க?"

அவர் வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போகப் பார்த்தது. "உங்கப்பா பதினெட்டுன்னு..."

"அப்பா சொன்னது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் துணியைத் தொட்டார். எவ்வளவு நேர்த்தியாக மடித்திருக்கிறான் அந்த இருபத்தாறு வயதுக்காரன். அவருக்கு அவன் மேல் அருவருப்பாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ தண்ணி கொண்டுவந்து குடுத்தே. மணிக்கட்டைப் பாத்தேன்."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. ரவிக்கையை மடிக்கவும் இல்லை, அது மேஜையிலேயே கிடந்தது.

"எங்கப்பா பொய் சொன்னாரு. நீங்க அதை நம்பிட்டதாப் பொய் சொன்னீங்க" என்றாள். "அவரு சாகற வரைக்கும் அவரோட மட்டும் நான் பேசலைங்க."